உள்நோயாளர் பிரிவில் பேச்சுவழிச் சிகிச்சை: தீவிர மனநோய் மருத்துவ வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோய்க்கு ஆளானவரோடு பேசி அவருக்கு உதவ முடியுமா என்னும் கேள்வி மேலை மருத்துவத்தில் இருநூறு ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் நோயின் தன்மையிலோ சிகிச்சை நுட்பத்திலோ தேடப்பட்டுள்ளது. யார்க், சூரிச், மேரிலாந்து ஆகிய இடங்களில் இயங்கிய மருத்துவமனைகளின் வரலாற்றையும், அண்மைக் கால இங்கிலாந்தின் சிகிச்சை நெறிமுறைகளையும், மேற்கு லாப்லாந்து, அமிர்தசரஸ், வேலூர் ஆகிய இடங்களின் முயற்சிகளையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. பேச்சுவழிச் சிகிச்சை நிலைத்ததும் நலிந்ததும் உள்நோயாளர் பிரிவின் அமைப்பைப் பொறுத்தே நிகழ்ந்துள்ளன என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தீவிர மனநோய், மனச்சிதைவு, பேச்சுவழிச் சிகிச்சை, உள்நோயாளர் பிரிவு, மனநலச் செவிலியம், மருத்துவ வரலாறு.

முன்னுரை

தமக்கு மட்டும் கேட்கும் குரல்களாலும், பிறர் ஏற்காத உறுதியான நம்பிக்கைகளாலும் அலைக்கழிக்கப்படும் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நாளே அவருடைய வாழ்வின் மிகக் கடினமான நாள்களுள் ஒன்று. பலர் தம் விருப்பத்திற்கு மாறாகச் சட்டத்தின் வழியே சேர்க்கப்படுகின்றனர். அச்சம் மிகுந்திருக்கும் அந்நேரத்தில் தமக்கு நேர்வது என்ன என்று எவரிடமேனும் சொல்லவேண்டிய தேவையும் மிகுந்திருக்கிறது. எனினும், தீவிர மனநோய்க்கான பேச்சுவழிச் சிகிச்சைகள் இன்று பெரிதும் புறநோயாளர்களுக்கெனவே வடிவமைக்கப்பட்டுள்ளன. தேவை மிகுந்த இடத்தில் பேச்சு குறைந்திருக்கும் இம்முரண் எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

யார்க் ரிட்ரீட்: வாதிடாத உரையாடல்

1790ஆம் ஆண்டில் யார்க் நகரின் மனநல விடுதியில் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த ஒரு பெண் இறந்தார். அவரைக் காண வந்த சமயத்தோழர்களுக்கு முன்னதாக அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இந்நிகழ்வின் விளைவாக வில்லியம் டியூக் என்னும் வணிகர் தம் சமயத்தவருக்கென ஒரு காப்பகம் அமைக்க முனைந்தார். 1796இல் திறக்கப்பட்ட அந்த ‘ரிட்ரீட்’, சங்கிலிகளைத் தவிர்த்து, வேலை, நடை, தேநீர் விருந்து, கனிவான பேச்சு ஆகியவற்றைச் சிகிச்சையாகக் கொண்டது.

வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் அந்நிறுவனத்தைப் பற்றி எழுதிய நூல் ஒரு முக்கியமான செய்தியைப் பதிவு செய்கிறது. நோயாளியின் பிறழ்ந்த நம்பிக்கையைக் காரணகாரியம் காட்டி மறுத்துப் பேசுவதால் பயன் விளையவில்லை என்பதே அது. ஆகவே, அங்குள்ள பணியாளர் அந்நம்பிக்கையைத் தொடாமல், நோயாளி நலமாகப் பேசக்கூடிய பிற பொருள்களைப் பற்றி உரையாடினர். இம்முறை நோயாளியை மனிதராக மதித்தது. ஆயினும் அவர் கூறுவதில் பொருள் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் அதில் இடம்பெறவில்லை. பேச்சு உண்டு, நோயைப் பற்றிய பேச்சு இல்லை என்னும் இந்நிலை பின்வந்த நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

சூரிச்: நோயாளியின் மொழி அறிந்த மருத்துவர்

நோயாளியின் சொல்லுக்குப் பொருள் உண்டு என்னும் கருத்து மருத்துவமனைக்குள் வேர் கொண்ட இடங்களுள் தலையாயது சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனை. அதன் தொடக்கக் கால இயக்குநர்களுள் பலர் ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர்கள். உள்ளூர் மக்களின் சுவிஸ் வழக்குமொழி அவர்களுக்குப் புரியாது என்னும் குறை மக்களிடையே இருந்தது. 1898இல் பொறுப்பேற்ற ஆய்கன் ப்ளாய்லர் அருகிலுள்ள சோலிகோன் ஊரின் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அதற்குமுன் 1886 முதல் ரைனாவ் மருத்துவமனையில் நோயாளிகளோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்து, அவர்களுடன் வேலை செய்து, அவர்கள் பேச்சைக் குறித்துவைத்த பட்டறிவு அவருக்கு இருந்தது. 1908இல் அவர் முன்மொழிந்து 1911இல் நூலாக விரித்த ‘ஷிசோஃப்ரினியா’ என்னும் சொல்லே தமிழில் மனச்சிதைவு என வழங்குகிறது. அக்கருத்தாக்கம் இந்த நெடுங்கால உடனுறைவின் விளைச்சல் எனலாம்.

1900இன் இறுதியில் அங்குப் பணியில் சேர்ந்த கார்ல் குஸ்தாவ் யுங், 1907இல் வெளியிட்ட நூலில், பல ஆண்டுகளாக அங்கிருந்த ஒரு தையற்காரப் பெண்ணின் பேச்சை விரிவாக ஆராய்ந்தார். பிறர் பிதற்றல் எனத் தள்ளிய தொடர்களுக்குப் பின்னால் அப்பெண்ணின் வறுமையும் நிறைவேறாத விருப்பங்களும் இருந்தமையை அவர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்காட்டினார். அப்பெண் குணமடையவில்லை, நோய் முற்றியிருந்தது என்பதை யுங் மறைக்கவும் இல்லை. புரிந்துகொள்ளுதலும் குணப்படுத்துதலும் ஒன்றன்று என்னும் தெளிவு இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே கிட்டிவிட்டது.

இதே காலத்தில் எதிர்த்திசையில் ஒரு முடிவும் உருவாயிற்று. சாக்சனி நாட்டு நீதிபதியான டேனியல் பால் ஷ்ரேபர், மனநல விடுதியில் இருந்தவாறே தம் நோய் அனுபவங்களை எழுதி 1903இல் நூலாக வெளியிட்டார். சிக்மண்ட் ஃபிராய்டு 1911இல் அந்நூலை உளப்பகுப்பாய்வு முறையில் விளக்கினார். ஷ்ரேபரை அவர் ஒருமுறையும் சந்தித்ததில்லை. இத்தகைய நோயாளிகள் தம்முள்ளேயே ஒடுங்கிவிடுவதால் மருத்துவரோடு உணர்வுப் பிணைப்புக் கொள்ள இயலாதவர்கள், ஆகவே உளப்பகுப்பாய்வு அவர்களுக்குப் பயன்படாது என்பது ஃபிராய்டின் நிலைப்பாடு. அவருடைய பட்டறிவு தனி அறையில் தாமாக வந்து பேசியோரைச் சார்ந்தது. ப்ளாய்லரின் பட்டறிவு மருத்துவமனையைச் சார்ந்தது. இருவரின் முடிவுகளும் வேறுபட்டதில் இவ்விட வேறுபாட்டிற்குப் பெரும்பங்கு உண்டு.

மேரிலாந்து: பிரிவே மருந்தாதல்

ஃபிராய்டின் தடையை மீறிய முயற்சிகளுள் இரண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நிகழ்ந்தன. பால்டிமோர் அருகிலுள்ள ஷெப்பர்டு அண்டு ஈனாக் பிராட் மருத்துவமனையில் 1920களில் பணியாற்றிய ஹாரி ஸ்டாக் சல்லிவன், 1929இல் மனச்சிதைவுக்கு ஆளான இளைஞர்களுக்கென ஆறு படுக்கைகள் மட்டுமே கொண்ட தனிப் பிரிவை அமைத்தார். அங்குப் பணியாற்றிய உதவியாளர்களை அவரே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தார். மருத்துவரின் ஒருமணி நேரப் பேச்சைவிட, நாள் முழுதும் உடனிருப்பவரின் நடத்தையே நோயாளியை மாற்றுகிறது என்பது அவர் துணிபு. 1930இல் அவர் அம்மருத்துவமனையை விட்டு விலகியதோடு அம்முயற்சி முடிவுற்றது.

இரண்டாவது, ராக்வில் நகரிலிருந்த செஸ்ட்நட் லாட்ஜ் என்னும் சிறிய தனியார் மருத்துவமனை. நாஜி ஆட்சியிலிருந்து வெளியேறிய ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் 1935இல் அங்கு வந்து, 1957இல் மறையும்வரை பணியாற்றினார். நோயாளியோடு வாரத்தில் பலமுறை, ஆண்டுக்கணக்கில் உரையாடுவது அவர் முறை. நோயாளி காணும் உலகத்தைத் தாம் பகிரவில்லை என்பதை நேர்மையாக உணர்த்திக்கொண்டே, அது அவருக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிய முயல்வது அதன் உயிர்நாடி. அங்குச் சிகிச்சை பெற்ற ஜோன் கிரீன்பெர்க் 1964இல் புனைபெயரில் வெளியிட்ட ‘ஐ நெவர் பிராமிஸ்டு யூ எ ரோஸ் கார்டன்’ என்னும் புதினம் அச்சிகிச்சையை உலகறியச் செய்தது.

லாட்ஜின் வரலாற்றில் புதினத்தைவிட ஆய்வுக்குப் பயன்படும் நூல் வேறொன்று. உளமருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்டாண்டனும் சமூகவியலாளர் மாரிஸ் ஷ்வார்ட்சும் அம்மருத்துவமனையின் ஒரு பிரிவை நெருங்கி நோக்கி 1954இல் ‘தி மெண்டல் ஹாஸ்பிட்டல்’ என்னும் நூலை எழுதினர். ஒரு நோயாளி கடும் கொந்தளிப்புக்கு உள்ளாகும்போது, அவரைப் பற்றி இரு பணியாளரிடையே வெளிப்படையாகப் பேசப்படாத கருத்து வேறுபாடு பெரும்பாலும் இருந்ததையும், அவ்வேறுபாடு பேசித் தீர்க்கப்பட்டதும் நோயாளி அடங்கியதையும் அவர்கள் கண்டனர். நோயாளியோடு பேசுவது மட்டும் போதாது, நோயாளியைப் பற்றி மருத்துவக் குழு தமக்குள் எவ்வாறு பேசுகிறது என்பதும் சிகிச்சையே என்னும் முடிவுக்கு இக்கண்டுபிடிப்பு இட்டுச்செல்கிறது.

மாணவப் பருவத்தில் லாட்ஜில் களப்பயிற்சி பெற்ற ஹில்டகார்டு பெப்லாவ், சல்லிவனின் கருத்துகளைச் செவிலியத் துறைக்குக் கொணர்ந்தார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே செவிலியத்தின் அடிப்படை என 1952இல் அவர் எழுதிய நூல் வாதிட்டது. ஆனால் கருத்து பரவிய அளவுக்கு நடைமுறை பரவவில்லை. எடின்பரோவில் ஆனி ஆல்ட்ஷூல் கடுநோய்ப் பிரிவுகளை ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட நூல், செவிலியரின் உரையாடலுக்குத் தெளிவான கோட்பாட்டு அடிப்படை எதுவும் காணப்படவில்லை எனத் தெரிவித்தது. பேசுவதற்கு ஆள் இருந்தும், பேச்சு ஒரு பணியாகக் கற்பிக்கப்படவில்லை.

மருந்தும் அளவுகோலும்

1952இல் பாரிசின் செயிண்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசின் மருந்தின் பயனை அறிவித்தனர். மருந்தின் வரவோடு, மருத்துவமனைகளைச் சுருக்கும் கொள்கையும் சேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1950களின் நடுவில் மனநல மருத்துவமனைகளில் சுமார் 1,50,000 பேர் இருந்தனர், அதுவே உச்சம். 1961இல் நலவாழ்வு அமைச்சர் ஈனாக் பவல் அம்மருத்துவமனைகள் மூடப்படும் என அறிவித்தார். ஆண்டுக்கணக்கான அடைப்பிலிருந்து மக்கள் விடுபட்டது பெரும் நன்மை. அதே வேளையில், தங்கும் காலம் சுருங்கச் சுருங்க, நீண்ட உரையாடலுக்கான வாய்ப்பும் சுருங்கியது.

லாட்ஜின் மரபு அதுவரை தன் பயனை அளந்து காட்டியதில்லை. கலிஃபோர்னியாவின் கமாரில்லோ அரசு மருத்துவமனையில் முதன்முறை சேர்க்கப்பட்ட 228 நோயாளிகளை ஐந்து வகைச் சிகிச்சைகளுக்குப் பிரித்து ஒப்பிட்ட ஃபிலிப் மேயின் ஆய்வு 1968இல் வெளிவந்தது. மருந்தே பயன் தந்தது, மருந்தின்றி அளித்த உளச்சிகிச்சை சிறிதும் உதவவில்லை என்பது அதன் முடிவு. சிகிச்சை அளித்தோர் போதிய பட்டறிவு இல்லாதவர்கள் என்னும் மறுப்பு எழுந்தது. ஆனால் 1984இல் தாமஸ் மெக்கிளாஷன் செஸ்ட்நட் லாட்ஜின் முன்னாள் நோயாளிகளையே சராசரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று ஆராய்ந்தபோது, மனச்சிதைவுக்கு ஆளானோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தட்டுத்தடுமாறியோ அதனினும் தாழ்ந்த நிலையிலோ வாழ்வதைக் கண்டார். பட்டறிவு மிக்கோர் நெடுங்காலம் முயன்றும் பெரும்பாலோர் குணமடையவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியாது.

அம்மரபு விளைத்த தீங்கும் பதிவு செய்யத்தக்கது. நோய்க்குத் தாயின் இயல்பே காரணம் எனக் குற்றஞ்சாட்டும் சொல்லாட்சியை ஃபிரோம்-ரைக்மன் 1948இல் எழுதிய கட்டுரையொன்று பரவச் செய்தது. அது பல குடும்பங்களைக் குற்றவுணர்வில் ஆழ்த்தியதோடு, மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் இடையே சுவர் எழுப்பியது. லாட்ஜில் உரையாடலோடு, கொந்தளிக்கும் நோயாளியை ஈரத்துணியால் இறுகச் சுற்றிவைக்கும் முறையும் வழக்கில் இருந்தது. 2001இல் அம்மருத்துவமனை மூடப்பட்டது.

பிரிவுக்கு வெளியே பிறந்த சிகிச்சை

பேச்சுவழிச் சிகிச்சை புத்துயிர் பெற்றபோது அது மருத்துவமனைக்கு வெளியே நின்றது. ஆரன் பெக் 1952இல் வெளியிட்ட கட்டுரை, பிறழ்நம்பிக்கை கொண்ட ஒருவரைப் புறநோயாளராகவே வைத்துச் சிகிச்சை அளித்ததை விவரித்தது. ‘புறநோயாளர்’ என்னும் சொல் அதன் தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. பின்னாளில் அவர் வளர்த்த அறிதிறன் நடத்தைச் சிகிச்சையை இங்கிலாந்தின் டேவிட் கிங்டன், டக்ளஸ் டர்கிங்டன் முதலானோர் 1990களில் மனச்சிதைவுக்கு விரித்தனர். யார்க் ரிட்ரீட் தொடாமல் விட்ட நம்பிக்கையை இம்முறை தொட்டது. ஆனால் மறுத்து வாதிடாமல், அந்நம்பிக்கைக்கு ஆதாரமான நிகழ்வுகளை நோயாளியோடு சேர்ந்து ஆராய்ந்தது.

இச்சிகிச்சையைக் கடுநோய்ப் பிரிவிற்குள் சோதித்த ஆய்வுகள் சிலவே. பர்மிங்ஹாமில் வாலரி டுரூரியும் மேக்ஸ் பர்ச்வுட்டும் உள்ளிட்ட குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற உள்நோயாளர்கள் விரைவில் தேறினர். 315 பேரைக் கொண்ட ‘சாக்ரட்டீஸ்’ என்னும் பெரிய ஆய்வு, நோயின் தொடக்கநிலையில் சேர்க்கப்பட்டோருக்கு ஐந்து வாரச் சிகிச்சை அளித்தது. 2002இல் வெளிவந்த அதன் முடிவு, முதல் சில வாரங்களில் சற்று விரைந்த தேற்றத்தைக் காட்டியது. அவ்வேறுபாடு பின்னர் மங்கியது. பதினெட்டு மாதங்களுக்குப் பிந்திய நிலையில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரைவிட, அறிதிறன் சிகிச்சையோ ஆதரவான உரையாடலோ பெற்றோரின் நோய்க்குறிகள் குறைந்திருந்தன. எனினும் நோய் மீள்வது குறையவில்லை. இச்சிகிச்சையின் பயன் பொதுவாகச் சிறிதே என 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு வாதிட்டது. ஆகவே இதனை மருந்துக்கு மாற்றாகக் கூறுவதற்கு இடமில்லை. மருந்தோடு சேர்ந்து நிற்கும் உதவி எனக் கொள்வதே பொருந்தும்.

இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் 2002இல் வெளியிட்ட தன் முதல் மருத்துவ நெறிமுறையையே மனச்சிதைவுக்கென ஒதுக்கியது. 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிதிறன் நடத்தைச் சிகிச்சையை நோயாளிகள் அனைவருக்கும் அளிக்க முன்வர வேண்டும் எனவும், அதனைக் கடுநோய்க் கட்டத்தில் உள்நோயாளர் பிரிவிலேயே தொடங்கலாம் எனவும் கூறியது. 2014ஆம் ஆண்டு நெறிமுறையும் இதனையே வலியுறுத்தியது. அதன்படி இச்சிகிச்சை தனியொருவருக்குக் குறைந்தது 16 அமர்வுகளாகத் திட்டமிடப்பட வேண்டும். வாரம் ஓர் அமர்வு எனக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ நான்கு மாதம். இன்றைய உள்நோயாளர் பெரும்பாலும் சில வாரங்களில் வீடு திரும்புகிறார். நெறிமுறை அனுமதித்த சிகிச்சையை நாள்காட்டி அனுமதிப்பதில்லை. புறநோயாளரை அளந்து தைத்த சட்டையை உள்நோயாளருக்கு அணிவிக்க முயன்றதன் விளைவு இது.

பேச்சின் அவையை மாற்றிய முயற்சிகள்

சிகிச்சை நுட்பத்தை மாற்றாமல், யார் முன்னிலையில் யார் பேசுவது என்பதை மாற்றிய முயற்சிகளும் உண்டு. ஃபின்லாந்தின் மேற்கு லாப்லாந்துப் பகுதியில், டோர்னியோ நகரின் கெரோபுதாஸ் மருத்துவமனை 1984இல் ஒரு நடைமுறையைத் தொடங்கியது. நோயாளியைப் பற்றிய சிகிச்சை முடிவுகளை நோயாளியும் குடும்பத்தினரும் அமர்ந்திருக்கும் கூட்டத்திலேயே பேசுவது என்பதே அது. யாக்கோ செய்க்குலாவும் அவர் குழுவினரும் இதனை ‘ஓப்பன் டயலாக்’ எனப் பின்னர் வளர்த்தெடுத்தனர். பணியாளர் தமக்குள் மறைத்துவைக்கும் கருத்து வேறுபாடு நோயாளியைத் தாக்குகிறது என்று ஸ்டாண்டனும் ஷ்வார்ட்சும் கண்டதற்கு, முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நடைமுறை விடையாக இதனைக் கொள்ளலாம்.

குடும்பத்தை மருத்துவமனைக்குள் கொணர்ந்ததில் இந்தியாவுக்கு அதனினும் மூத்த வரலாறு உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் 1950களில் வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்துக் குடும்பத்தினரைத் தங்கவைத்து, அவர்களையும் நோயாளிகளையும் சேர்த்து அமர்த்திப் பேசினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் உறவினர் தங்குவதை அது தன் நெறியாக்கிக் கொண்டது. மேரிலாந்தில் தாய் குற்றவாளியாக்கப்பட்ட அதே காலத்தில், இங்கே அவர் சிகிச்சையின் துணையாக்கப்பட்டார். பணியாளர் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. மேலும், குடும்பத்தினர் எந்நேரமும் உடனிருக்கும் இடத்தில் நோயாளி தனித்துப் பேசும் வாய்ப்புக் குறையக்கூடும். உறவினர் விடைசொல்ல நோயாளி கேட்டிருக்கும் நிலை உரையாடலாகாது. எனவே இம்முறையிலும் தனிப்பேச்சுக்கான நேரத்தைத் திட்டமிட்டே உருவாக்க வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, காலம். நீண்ட தங்குதலை நம்பிய முறைகளை இன்றைய பிரிவுக்குள் அப்படியே பெயர்க்க இயலாது; அவ்வாறு பெயர்ப்பதற்காக நோயாளியை நெடுங்காலம் அடைத்துவைப்பதும் நியாயமன்று. ஒவ்வோர் அமர்வும் தன்னளவில் பயன்தருமாறு குறுகிய சிகிச்சையை வடிவமைப்பதும், பிரிவில் பேசத் தொடங்கியவரே வீடு திரும்பிய பின்னும் தொடர்வதும் இதற்கு உரிய வழிகள். இரண்டாவது, ஆள். உளவியலாளரின் ஒருமணி நேரத்தைச் சூழ்ந்து நிற்கும் மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் செவிலியருக்கும் உதவியாளருக்கும் உரியது. சல்லிவன் அறிந்திருந்த இவ்வுண்மையை ஏற்று, அவர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் பேசுவதற்கென ஒதுக்கிய நேரமும் தராமல் எந்நுட்பமும் நிலைக்காது. மூன்றாவது, அவை. நோயாளியைப் பற்றிய பேச்சு அவர் முன்னிலையில், அவர் மொழியில் நிகழும்போதுதான் அவரோடு பேசுவது பொருள்பெறுகிறது.

தீவிர மனநோயாளரோடு பேசிப் பயனில்லை என்னும் தீர்ப்பு இவ்வரலாற்றில் பலமுறை வழங்கப்பட்டுள்ளது. அத்தீர்ப்புகளுள் ஃபிராய்டுடையது நோயாளியை நேரில் காணாமலும், மேயுடையது போதிய பயிற்சி இல்லாதோரைக் கொண்டும் எழுந்தவை. மெக்கிளாஷனின் கண்டறிவு மட்டும் அத்தகைய மறுப்புக்கு இடந்தராதது. பேச்சு தனித்துக் குணப்படுத்தும் என்னும் நம்பிக்கையை அது முடித்துவைத்தது. எஞ்சி நிற்கும் கேள்வி அதனினும் அடக்கமானது: மருந்து தன் வேலையைச் செய்யும் அந்தச் சில வாரங்களில், அச்சத்தோடு படுக்கையில் அமர்ந்திருப்பவரிடம் “உங்களுக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்டு, விடையை முழுவதும் கேட்பதற்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறாரா? அவ்வொருவரை இருக்கச் செய்வது மருத்துவமனை நிருவாகத்தின் கடமை. அவர் எவ்வாறு கேட்க வேண்டும் என்பதைக் கண்டறிவது ஆய்வாளரின் கடமை.